கொட்டிலில் கேட்ட குரல்

“அந்தக் காகிதத்த அடுப்புல போடுய்யா. இல்ல, என் கையில குடு, நானே போடறேன்.”

களியைக் கிண்டியபடியே சொன்னாள் சாந்தம்மா. ராமப்பன் அவசர அவசரமாக ராஜினாமாக் காகிதத்தை நாலாய் மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

ஓசூர் சர்க்கார் மாட்டுப் பண்ணையில் பதினோரு வருஷமாகப் பால் கறக்கிறவன் அவன். பாடினால்தான் மாட்டுக்கு மடி இளகும் என்பான். தளிப் பக்கத்து மாடுகளுக்குக் கன்னடத்தில் பாட்டு, பேரிகை ஊர்ப் பக்கத்து மாடுகளுக்குத் தெலுங்கில். மாடுகள் குறை சொன்னதில்லை. மனிதர்கள் யாரும் அதைப் பாட்டென்று சொன்னதுமில்லை, போன வாரம் வரை.

போன வாரம்தான் வாட்ச்மேன் மாதப்பன் சேதி கொண்டுவந்தான். கெலமங்கலத்தில் கொட்டகை போட்டிருக்கும் நாடகக் கம்பெனி முதலாளி கங்கப்பன், விடியற்காலையில் பண்ணை வேலியோரமாகப் போனவர், கொட்டிலிலிருந்து வந்த பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம். “யாரப்பா பாடறது?” என்று கேட்டாராம். “நம்ம ராமப்பன்தான்” என்றானாம் மாதப்பன். “என் கம்பெனிக்கு அந்தக் குரல் வேணும். ஞாயித்துக்கிழமை நானே வந்து பேசறேன்” என்று சொல்லிப் போனாராம்.

அன்றிலிருந்து ராமப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலையை விட்டுவிடுவதென்று ஆள் பிடித்துக் காகிதம் எழுதியும் வாங்கிவிட்டான். சாந்தம்மாதான் குறுக்கே நின்றாள்.

“பென்ஷன் இருக்குற வேலைய்யா. குடியிருக்க வூடு, புள்ளைங்களுக்கு தெனமும் பாலு. கொட்டகை கொட்டகையாச் சுத்துனா இதெல்லாம் எவன் குடுப்பான்?”

“மைசூரு வரைக்கும் போற கம்பெனிடி அது. நாப்பது வயசுல, ஒரு பெரிய மனுசன் என் பாட்டக் கேட்டு நின்னிருக்காரு. இது வரைக்கும் எவன் நின்னான், சொல்லு?”

“ஏன், நான் நிக்கலையா?”

“நீ என் பொண்டாட்டி. நின்னுதான் ஆவணும்.”

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “உன் பாட்டு மாட்டுக்குப் போதும்ய்யா. எனக்கும் போதும். அந்த ஆளு வந்தா, இஷ்டமில்லைங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பிடு. அவரு முன்னால பாட மட்டும் பாடிடாத.”

ராமப்பனுக்குச் சுருக்கென்றது. “ஊரே சிரிச்சாலும் பரவால்ல. நீயாச்சும் ஒரு தபா நல்லாப் பாடறய்யான்னு சொல்லக் கூடாதா? என் குரல் மேல உனக்கே நம்பிக்கை இல்ல, அதானே?”

துடுப்பைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். “நீ யாரு முன்னாலயும் தலை குனிஞ்சு நிக்கக் கூடாது. எனக்கு அவ்ளோதான்ய்யா” என்றாள். கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டான் அவன்.

“ராமப்பன் வூடு இதானே?”

வாசலில் கங்கப்பன்! பட்டு ஜிப்பா, கழுத்தில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். சாந்தம்மா சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ராமப்பன் பாயை உதறிப் போட்டான், மோர் கொடுத்தான், மடியிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“எங்க, ஒரு பாட்டு எடுத்து வுடு கேப்போம்” என்றார் கங்கப்பன்.

கதவுக்குப் பின்னால் வளையல் கலகலவென்று குலுங்கியது. ராமப்பன் அதைக் கேட்காதவன் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, தளி மாட்டுக்குப் பாடும் பாட்டை முழுசாகப் பாடினான். கண்ணைத் திறந்தபோது கங்கப்பன் மோர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டு அதேதான். ஆனா குரல் இது இல்லியேப்பா! அன்னிக்குக் கேட்டது தேனாட்டம் மேலே போச்சே. ஸ்திரீபார்ட் பாட ஆளில்லாம நாலு வருஷமா அலையறேன். ஆம்பளத் தொண்டையில இப்படி ஒரு பொம்பளக் குரலான்னு அசந்துட்டேன். அமாவாசைக்கு மறுநாளு, செவ்வாக்கிழமை. முண்டாசும் காக்கிச் சட்டையுமா நீதானே கறந்துகினு இருந்த? என்னப் பாத்ததும் வெக்கப்பட்டுப் பாட்ட நிறுத்தினியே, மறந்துட்டியா?”

ராமப்பன் கதவுப் பக்கம் திரும்பினான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் குளிர் ஜுரத்தில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். வேற்று வாசனைக்கு மாடு மிரளக் கூடாதென்று அவன் சட்டையையும் முண்டாசையும் மாட்டிக்கொண்டு கறக்கப் போனவள் சாந்தம்மா.

“அந்தக் குரலு வூட்டுக்குள்ளதான் இருக்குதுங்க” என்றான் ராமப்பன், கதவுக்குப் பின்னாலிருந்த கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தபடி. “என் மனசு நோவக் கூடாதுன்னு ஒரு வாரமா மூச்சு வுடாம கெடக்குது.”