துணி இல்லாத தையல்

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? உள்ளே ஒரு மனுஷன் ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருக்கான். நீ என்னடான்னா விடிஞ்சதும் விடியாததுமா மெஷினைப் போட்டுத் தடதடன்னு ஓட்டறே!"

கணவனின் அக்கா போட்ட சத்தத்துக்குத் தையல்காரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. மோட்டார் வைத்த பழைய மெஷின் அது. ஓடினால் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும்.

"அவசர ஆர்டர், அண்ணி."

"தினமும் அவன் டீயைக் குடிச்சிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினதும்தான் உனக்கு அவசரம் வருமா? மத்தியானம் பூரா மெஷின் சும்மாதானே கிடக்கு?"

மெஷின்தான் பேசியது.

அக்கா நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கம் புரட்டுகிற ஓசைக்கே 'உஷ்' என்று சொல்லிப் பழகிய உதடுகள். தம்பிக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய், அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து தவித்து, ஒரு வழியாக மகன் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தார். வந்த நாளிலிருந்து தம்பிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, தலையணையைத் தட்டிப் போடுவது, வாசலுக்கு வருகிறவர்களிடம் "மெதுவாப் பேசுங்க" என்பது எல்லாம் அவர்தான். மெஷினை மட்டும் அடக்க முடியவில்லை.

அப்படி என்ன ஆர்டர் என்று அருகில் போய்ப் பார்த்தார். ஊசியில் நூல் இல்லை. ஊசிக்குக் கீழே துணியும் இல்லை.

"அடிப்பாவி! வெறும் மெஷினையா ஓட்டறே? நான் வந்து தங்கினது பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்லிட்டுப் போயேன்!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லே அண்ணி. இன்னும் கொஞ்ச நேரந்தான். அப்புறம் நானே நிறுத்திடறேன்."

அக்கா பிளக்கைப் பிடுங்கினார்.

வீடு சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. கேட்ட மறுகணம் அதுவும் நின்றது.

"என்னது அது? ஷேவ் பண்றானா?"

தையல்காரி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கேக்காதீங்க அண்ணி."

"உன்னை ஏன் கேக்கறேன்? அவன்கிட்டயே சொல்றேன், உன் பொண்டாட்டி லட்சணத்தைப் பாருடான்னு!"

கதவு திறந்தது. தம்பி நின்றான்.

"அவளைத் திட்டாதேக்கா."

"எப்படிடா திட்டாம இருக்கறது? உன் தூக்கத்தைக் கெடுக்கறா!"

"நான் தூங்கலேக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆபரேஷன்ல அந்த நரம்பெல்லாம் அடிபட்டுப் போச்சு. அது... முன்னே மாதிரி இல்லே. சுருங்கிச் சின்னதாயிடுச்சு. எழும்பறதே இல்லே. இப்படியே விட்டா ரத்த ஓட்டம் இல்லாம இன்னும் சுருங்கிடும்னு டாக்டர் ஒரு பம்ப் கொடுத்திருக்கார். தினமும் அதை வெச்சு இழுக்கணும். நீ கேட்டது அந்தச் சத்தந்தான்."

அக்காவுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கையில் பிளக் அப்படியே இருந்தது.

"நீ வந்த அன்னிக்கே அந்தப் பம்பைத் துணியில சுருட்டி பீரோவுக்குள்ளே வெச்சுட்டேன். அக்கா காதுல விழுந்துட்டா மானம் போயிடும்னு. உயிர் பிழைச்சதே பெரிசு, இது ஒண்ணு இல்லாட்டி என்னன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ராத்திரி இவ பக்கமே திரும்பிப் படுக்கலே. இவ ஒரு வார்த்தை கேக்கலேக்கா. மறுநாள் காலையில உள்ளே போய் உட்கார்ந்தேன். வெளியே மெஷின் ஓட ஆரம்பிச்சுது. ரொம்ப நேரம் அதையே கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் எழுந்து பீரோவைத் திறந்தேன்."

தையல்காரி விரல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள்.

"முதல் நாள் துணி வெச்சுத்தான் தைச்சேன் அண்ணி. நினைப்பு பூரா உள்ளேயே இருந்துச்சா, பாவாடையோட வாயையே மூடித் தைச்சுட்டேன். அதான் அப்புறம் துணியே வைக்கறதில்லே."

தம்பிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கு. கண்ணில் நீர் வர இருவரும் சிரித்தார்கள்.

"போன வாரம் டாக்டர் பார்த்தார்க்கா. தேறுது, மெதுவாத்தான் வரும், விடாமப் பண்ணுங்கன்னார்."

சொல்லி முடித்ததும் அவன் தோள்கள் தளர்ந்து இறங்கின. செத்தாலும் யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்திருந்ததைச் சொல்லியாகிவிட்டது. கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. பிளக்கை மறுபடி சொருகிவிட்டுத் தன் அறைக்குப் போனார். போனில் மகனிடம் ஏதோ சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு வந்து நின்றார்.

"என்னக்கா இது? கோவமா?"

"அண்ணி, நான் எதிர்த்துப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க. இன்னும் ஒரு மாசம் இருப்பீங்கன்னு நினைச்சோமே!"

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டார்.

"போடி பைத்தியம். ஆபரேஷன் ஆனவன் நிம்மதியைக் கெடுத்தது உன் மெஷின் இல்லே, என் பாம்புக் காதுதான். அதைத்தான் எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன்."