ஏற்கெனவே எண்ணப்பட்டது

சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டதும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் உள்ளே இருப்பதை அண்ணன் மறந்துவிட்டார்.

எங்கள் பள்ளி நூலகத்தின் பின்னறையில் அலமாரிகள் தண்டவாளத்தில் நகரும். அலமாரியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு சந்து திறக்கும், மற்றவையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக் எடுக்கும் வாரத்தில் நான் சந்துக்குள் போய் ஒவ்வொரு புத்தகமாக ஸ்கேனரைக் காட்டுவேன். அண்ணன் வெளியே கணினியில் சரிபார்ப்பார். வரிசை முடிந்தால் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தலைமை நூலகர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கும் வாயில் அண்ணா என்றே வந்துவிட்டது. கணினி முன்னால் உட்கார்ந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். அப்புறம் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

சக்கரம் மறுபடி சுற்றியது. முதுகில் இரும்பு வந்து தொட்டது. சிரிப்பு போய்விட்டது.

கீழ்த்தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க நேரமில்லை. தலையையும் தோளையும் தட்டுக்குள் திணித்துக்கொண்டேன். நல்லவேளை, தட்டு காலி. அங்கே இருக்க வேண்டிய கலைக்களஞ்சியங்கள் இருந்திருந்தால் என் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

சற்று முன்னால் அதைத்தான் அவரிடம் குரல் கொடுத்துக் கேட்டிருந்தேன்.

"அண்ணா, இந்தத் தட்டுல ஒரு புக்கும் இல்லையே. பைண்டிங் போயிருக்கா?"

பதில் வரவில்லை. பாட்டுக் கேட்கிறார் என்று விட்டுவிட்டேன்.

புத்தகங்கள்தான் இல்லையே தவிர, அவற்றின் பார்கோடு ஒட்டிகள் இருந்தன. உள்பலகையில் வரிசையாக, ஒன்றுகூடக் கோணாமல் ஒட்டப்பட்டிருந்தன. தொலைந்துவிடக் கூடாதென்று அண்ணன்தான் உரித்து ஒட்டிவைத்திருப்பார். எதிலும் அவருக்கு அப்படி ஓர் ஒழுங்கு.

இந்த வரிசையை நேற்று அவர் தனியாகவே எண்ணி முடித்துவிட்டார். அவசரத்தில் ஏதாவது விட்டுப்போயிருக்கும், பார்த்துவிடலாம் என்று இன்று நானாகத்தான் உள்ளே நுழைந்தேன். எனக்கு எப்போதும் இந்த வேண்டாத வேலைதான்.

கத்தினேன். முழங்கால்கள் நெஞ்சில் அழுந்தியிருந்தன. மூச்சு பாதிதான் வந்தது, குரல் அதிலும் பாதி.

பயந்துவிட்டேன். இங்கேயே செத்துப்போவேன் என்று பயந்தேன். வீட்டுச் சாவி என் பையில் இருக்கிறது, மகள் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பாள் என்று பயந்தேன். உள்ளங்கை வியர்த்து ஸ்கேனர் வழுக்கியது.

ஸ்கேனர்.

கண்ணுக்கு நேரே இருந்த ஒட்டியில் வைத்து அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது வெளியே திரையில் 'ஏற்கெனவே எண்ணப்பட்டது' என்று ஒரு கட்டம் வந்திருக்கும். அதை யாராவது மூடினால்தான் விளக்கு பச்சையாகும்.

பச்சையானது.

அண்ணன் அங்கேதான் இருக்கிறார். எனக்கு உயிர் வந்தது.

அதே ஒட்டியில் மறுபடி அழுத்தினேன். சிவப்பு, பச்சை. மறுபடியும் அழுத்தினேன். ஒரே புத்தகம் இத்தனை முறை வந்தால் எவருக்கும் என்னவென்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்து ஒட்டியிலும் அதற்கடுத்ததிலும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பச்சை முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. பாட்டு மயக்கத்தில் மனுஷன் பார்க்காமலேயே தட்டிவிடுகிறார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் கழுத்தில் கிடந்த அடையாள அட்டை ஞாபகம் வந்தது. அதிலும் பார்கோடு உண்டு. அதைக் காட்டினால் திரையில் என் படம் பெரிதாக வந்து நிற்கும். பேய் அறைந்த மாதிரி முழித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை வைத்து அண்ணன் என்னை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். அதைப் பார்க்காமல் தட்டிவிட முடியாது.

இரண்டு விரலால் அட்டையை இழுத்து, அழுத்தினேன்.

சிவப்பு.

சிவப்பாகவே இருந்தது.

பார்த்துவிட்டார். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணீர் தாடை வழியாக இறங்கியது. அண்ணா, அண்ணா என்று முனகினேன்.

சக்கரம் அசையவில்லை.

அலமாரிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் அவர் வாய் வந்து நின்றது. குரல் எப்போதும் போல அன்பாகத்தான் இருந்தது.

"நீ உள்ள இருக்கறது எனக்குத் தெரியும் தங்கச்சி. அந்தத் தட்டைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு, உடனே திறந்துடறேன்."