பெஜோ எஞ்சின்

"இந்த எஞ்சினை வச்சா வண்டி ஓடாது அண்ணி, பறக்கும். அப்புறம் எவன் புடிச்சு நிறுத்துறது?" என்றான் கோவிந்தராசு.

"பறக்கட்டும். அதுக்குத்தான வைக்கச் சொல்றேன்" என்றாள் அஞ்சலாட்சி.

நெல்லித்தோப்பில் இருந்த அவனுடைய ஒர்க் ஷாப்பில் மூன்று எஞ்சின்கள் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தன. ஒன்று ஹெரால்டு காருடையது, சின்னது, சாது. இன்னொன்று பியட். மூன்றாவது, பிரான்சுக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன பெஜோ காருடையது. ஸ்டார்ட் செய்தால் தகரக் கூரை அதிரும்.

இவற்றில் ஒன்றை ஏற்றவேண்டிய வண்டி நடுவில் நின்றது. அஞ்சலாட்சியின் அண்ணன் பாரீசிலிருந்து மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக அனுப்பிவைத்த ரேஸ் கார். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே மெல்லிய பைபர் கூடு, கதவு கிடையாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் நாலு பேர் தூக்கிவிடலாம். எஞ்சின் மட்டும் பெட்டியில் வரவில்லை. பக்கத்து சாரம் ஊரில் ரைஸ் மில் வைத்திருக்கும் அவள் கணவர் சக்கரபாணிதான் போன மாதம் வந்து, "பொங்கல் கழிஞ்சு சோழவரத்துல பந்தயம். அதுக்குள்ள ரெடி பண்ணிக் குடுப்பா" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு தினமும் வந்து நிற்பது என்னவோ இந்த அம்மாள்தான்.

"பியட்டு போதும் அண்ணி. பெஜோவை வச்சா மூக்குல கனம் ஏறிடும். திருப்பத்துல ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது. கவுந்துச்சுன்னா ஆளு தேற மாட்டாங்க."

"எல்லாம் யோசிச்சாச்சு. போன வாரம் எல்.ஐ.சி.க்குப் பணம் கட்டிட்டேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனாலும் புள்ளைங்க நடுத்தெருவுல நிக்காது."

கோவிந்தராசுவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

"சக்கரபாணி அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. எல்.ஐ.சி.யும் தெரியக் கூடாது, பெஜோவும் தெரியக் கூடாது. கேட்டா ஹெரால்டுன்னு சொல்லிடு."

சாதாரணமாகச் சொன்னாள். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போது கூட முகத்தில் இதைவிட அதிகக் கவலை இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

புறப்பட்டவள் திரும்பி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கோவிந்தராசு, இந்த சீட்டை முன்னால தள்ளிப் போடு. ஒரு சாண் தள்ளு."

"அவ்ளோ தள்ளினா முட்டி ஸ்டியரிங்குல மாட்டிக்கும் அண்ணி!"

"எதுவும் மாட்டாது. சொன்னதைச் செய்யி."

அவள் போனபிறகு அவனுக்கு வேலை ஓடவில்லை. சக்கரபாணி ஆறடி உயரம். முட்டி மாட்டிக்கொண்டால் பிரேக்கை எப்படி மிதிப்பார்? அடங்காத எஞ்சின், கால் நீட்ட இடமில்லாத சீட்டு, புருஷனுக்குத் தெரியாமல் எல்.ஐ.சி. ஒவ்வொன்றையும் சேர்த்துப் பார்த்தவன் எழுந்து வாசலுக்கு வந்தான். தெருமுனையில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு அடி நடந்துகூடப் பார்த்தான். நல்ல குடும்பத்துப் பெண். நாளைக்கு அப்படியெல்லாம் இல்லை என்றாகிவிட்டால்? திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் சக்கரபாணியே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். முகம் வாடியிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிந்தராசு, இருக்கறதுலயே சின்ன எஞ்சின் எது?"

"ஹெரால்டு அண்ணே."

"அதையே மாட்டிடு. அவகிட்ட பெரிய எஞ்சின்னு சொல்லிடு."

"அவங்க கண்டுபுடிச்சிட்டா?"

"கண்டுபுடிச்சா பாத்துக்கலாம். எனக்குப் பயமா இருக்குப்பா. வீட்டுல இதைப் பத்திப் பேச்செடுத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறா."

ஆக, இவருக்கும் உள்ளுக்குள் ஏதோ பட்டிருக்கிறது. இனிமேல் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் என்று கோவிந்தராசு முடிவு செய்தான். அவரை உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தான். பெஜோவைப் பற்றிச் சொன்னான். சீட்டைத் தள்ளச் சொன்னதைச் சொன்னான். கடைசியில் தயங்கித் தயங்கி எல்.ஐ.சி.யையும் சொன்னான்.

"எல்.ஐ.சி. போட்டாளா?" சக்கரபாணியின் குரல் உடைந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"எப்படிண்ணே சொல்லுவாங்க?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோவிந்தராசு அவர் பக்கத்தில் குந்தினான்.

"அழாதீங்கண்ணே. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல. வாங்க, ஸ்டேஷனுக்குப் போவலாம். நானே சாட்சி சொல்றேன். அவங்க என்ன சொன்னாலும் சரி, அந்த வண்டியில மட்டும் நீங்க ஏறிடாதீங்க!"

சக்கரபாணி துண்டை விலக்கி, ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார்.

"நான் ஏன்டா ஏறப் போறேன்? எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. சோழவரத்துல ஓட்டப் போறதே அவதான்டா!"