கோணல் படம்

"எல்லாம் உன்னாலதான் பூங்கொடி! ஒயரை ஒழுங்கா சால்டர் பண்ணியிருந்தா இப்படி ஆகுமா?"

காரைக்கால் கண்காட்சி அரங்கில் எல்லோர் முன்னாலும் கத்தினார் பேராசிரியர் நீலகண்டன். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பூங்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் விழும் புதுப் பலகையின் நாலு மூலையிலும் ஒளியை உணரும் சென்சாரைப் பதித்தவள் அவள்தான். புரொஜக்டரை எந்தக் கோணத்தில் வைத்தாலும் படம் தானாகவே பலகைக்குள் கச்சிதமாக வந்து உட்கார வேண்டும். நேற்று வரை உட்கார்ந்தது. இன்று நடுவர்கள் வரும் நேரத்தில் சுவரில் கோணலாகக் கிடந்தது.

"காலையில அம்மையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். அத்தனையும் வீண்! குழுவுலேர்ந்து உன் பேரை எடுத்துடறேன்" என்று அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்.

"எடுங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்."

பூங்கொடி விறுவிறுவென்று போய், ஈரத்துணியால் பலகையின் நாலு மூலையையும் அழுத்தித் துடைத்தாள். படம் சட்டென்று நகர்ந்து வந்து பலகைக்குள் பொருந்தி நின்றது.

"புதுச் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைங்க, வேணாம்னு சொல்லல. சென்சார் மேலயே அப்பினா வெளிச்சம் எப்படி சார் உள்ள போவும்?"

"எவன் பார்த்த வேலை இது?" என்று மறுபடியும் கையை நீட்டி உறுமினார் நீலகண்டன்.

"நீட்டின கையை முதல்ல மடக்குங்க சார். மோதிர விரல்ல குங்குமம் அப்படியே இருக்கு."