மிஞ்சாத செடி

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஏழாம் நம்பர் மலையில் இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொரு தேயிலைச் செடிகள் இருந்தன. பொல்லாத கணக்கு அது. இரண்டு பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் ஒரு செடி மிஞ்சி நிற்கும். பத்தொன்பது பேர் என்றால் ஆளுக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொன்பது, மிச்சமே இராது.

முன்பு சடையன் கங்காணியிடம் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டப் பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஐம்பத்தேழாம் வருஷ மழையில் மண் சரிந்து, அவர்களில் ஏழு பேரைக் குடியிருந்த லயத்தோடு மூடிவிட்டது. கங்காணியின் மகன் அங்கமுத்துவும் அதில் போனான். அவன் இடது கைக்காரன்.

மூன்று வருஷம் கழித்து மலை மறுபடி கவ்வாத்துக்கு வந்தது. கங்காணி தேங்காய் உடைத்துக் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டு, பன்னிரண்டு பேருக்கும் பங்கு பிரித்தார். மிஞ்சிய ஒற்றைச் செடியைச் சாமிக்கென்று விடச் சொன்னார்.

எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே, பன்னிரண்டு பேரில் ஒருவனான ராக்கன் வந்து நின்றான்.

"மலை முடிஞ்சிருச்சுங்க கங்காணி."

"அதுக்குள்ளயா? ஆளுக்கு எத்தன வெட்டுனீங்க?"

"ஆயிரத்து நானூத்தி அம்பத்தொம்பது. எல்லாருக்கும் அதேதாங்க. மிச்சத்த யாரோ வெட்டியிருக்காங்க."

கங்காணி மலையேறிப் பார்த்தார். சாமிக்கு விட்ட செடியும் வெட்டப்பட்டிருந்தது. வெட்டு இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. வலது கைக்காரன் வெட்டினால் அப்படிச் சரியாது. தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை.

இறங்கி வரும்போது கணக்கப்பிள்ளை எதிர்ப்பட்டார்.

"நாளைக்கிக் காலைல பெரட்டுல பேரு கூப்பிட எத்தன ஆளு கங்காணி?"

கங்காணி ஒருமுறை மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்தொம்பது பேருங்க."