பயந்து நடுங்கிய விடைத்தாள்

செமஸ்டர் தேர்வு விடைத்தாள் கட்டுக்குள் கிடந்த ஒரு தடித்த தாளுக்கு உடம்பெல்லாம் உதறல். முதல் பக்கத்தில் மண் அரிப்பைப் பற்றி நாலு வரி; மிச்சப் பக்கமெல்லாம் சினிமாக் கதை. எழுதியவன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போய்விட்டான். மாட்டிக்கொண்டு முழிக்கப்போவது தாள்தானே?

காலையில் பேராசிரியை தேன்மொழி ஒவ்வொரு தாளையும் வரிவரியாகத்தான் படித்தார். மதியம் தேர்வு அறையில் காவல். திரும்பி வந்து உட்கார்ந்தால் தேர்வு அலுவலகத்திலிருந்து போன்மேல் போன்.

"சாயங்காலத்துக்குள்ள மார்க் ஏத்தியாகணும், மேடம்!"

தடித்த தாளின் முறை வந்தது. "அண்ணே, உள்பக்கத்தைப் பார்த்துடாதீங்க!" என்று சிவப்புப் பேனாவிடம் கெஞ்சியது.

"இப்ப யாரு படிக்கிறா? எத்தனை பக்கம்னு பார்த்துத்தான் மார்க்கு," என்றது பேனா, மூச்சு வாங்கியபடி.

பக்கங்கள் விர்ரென்று புரண்டன. எழுபது மார்க்!

பிழைத்தோம் என்று தாள் ஓரமாய்ச் சாய்ந்தது. அப்போதுதான் கட்டுக்குள் அடுத்து இருந்த ஒல்லித் தாளின் குரல் கேட்டது.

"அண்ணே, நான் நாலே பக்கம்தான். ஆனா எல்லாக் கேள்விக்கும் சரியா..."

அது சொல்லி முடிப்பதற்குள் பேனா அதன்மேல் 'பத்து' என்று இறங்கிவிட்டது.