காப்பிப் பெட்டியின் மூச்சு

ரோட்டர்டாம் துறைமுகத்தில் விடிந்து வெகுநேரமாகியும் வெளிச்சம் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. தளத்தில் ஓர் ஆள்கூட இல்லை. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் உறைபனியின் மேல் தாமாகவே ஊர்ந்து இரும்புப் பெட்டிகளைச் சுமந்து போகின்றன. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கதகதப்பான அறையில், ஆன்னெகே திரையைப் பார்த்துப் பாரந்தூக்கியை இயக்குகிறாள். திரையில் படம் உண்டு, சத்தம் கிடையாது. கீழ்வரிசையில் ஒரு பெட்டியின் காற்றுத் துளையிலிருந்து மெல்லிய ஆவி வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. உள்ளே காப்பிக்கொட்டை என்கிறது பட்டியல். அவள் தூக்கிப் பிடித்திருக்கும் பெட்டி அதன் முன்னால் இறங்கினால், ஆவி வரும் பெட்டியின் கதவு அடைபட்டுப்போகும். நாலு நாளைக்குத் திறக்க முடியாது.

“காப்பி மூச்சு விடுதுன்னு எழுதிக் குடுக்கப் போறியா?” பக்கத்து மேசை ரீனுஸ் சிரிக்கிறான். “வேலைய நிறுத்தினா ஜெர்மனியில கொலோன் வரைக்கும் லாரி நிக்கும், தாயே.”

“நிக்கட்டும். உன் வேலையப் பாரு.”

சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். தளம் முழுக்க வண்டிகள் அப்படி அப்படியே நின்றுவிடுகின்றன. சற்று நேரத்தில் காவலர் யோஸ் திரைக்குள் நடந்து வருகிறார். அந்தப் பெட்டியின் கதவை மூன்று முறை தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறார்.

“யாராச்சும் இருக்காங்களா, யோஸ்?” ஆன்னெகே வயர்லெஸ்ஸில் கேட்கிறாள்.

“இருக்காங்க. திருப்பித் தட்டுறாங்க.” கதவிலிருந்து காதை எடுத்து நிமிர்கிறார். “ஆனா தட்டுற சத்தம் இந்தப் பெட்டியில மட்டும் இல்லம்மா.”

திரையில் அவர் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்துப் பெட்டியைப் பார்க்கிறார். அப்புறம் அதற்கு அடுத்ததை. அப்புறம் மூடுபனிக்குள் போய் மறையும் வரிசை முழுவதையும்.